நிலவறை விளையாட்டில் பொறியும் பொறுமையும்

ஒரு மேசை, அதனைச் சூழ்ந்து நாலைந்து நாற்காலிகள், சில தாள்கள், பென்சில்கள், பல முகங்களையுடைய சில கவறுகள்: நிலவறை விளையாட்டுக்கு வேண்டிய கருவிகள் இவ்வளவே. சதுரங்கத்துக்குப் பலகையும் காய்களும் வேண்டியிருப்பது போல இதற்கு வேண்டியதில்லை. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை மேற்கொள்வர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர், ஒருவர் குருவானவர். இவர்களோடு சேராத ஒருவர் நடுவராக அமர்வார். பாழடைந்த கோட்டையின் அடியிலே எத்தனை அறைகள் உள்ளன, படிக்கட்டு எங்கே இறங்குகிறது, எந்தக் கதவின் பின்னே எந்தப் பூதம் பதுங்கியிருக்கிறது என்பனவெல்லாம் அவருக்கு மாத்திரமே தெரியும். அவர் சொல்லாலே காட்டுவார். மற்றவர் சொல்லாலே செயற்படுவர். "கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே இருள்" என்பார் நடுவர். "தீவட்டியை உயர்த்திப் பார்க்கிறேன்" என்பார் ஆட்டக்காரர். முடிவு ஐயத்துக்கு இடமானதாயின் கவறு உருளும். இவ்விளையாட்டுக்கு இறுதி வெற்றி என்பது இல்லை. ஒரே பாத்திரம் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் வாழ்தல் கூடும். அது மடிந்தால் அதனை வளர்த்தவருக்கு உண்டாகும் வருத்தம் உண்மையான வருத்தமே.

இவ்விளையாட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுமேற்குப் பகுதியிலே தோன்றியது. விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவரும், மினெசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து இதனை ஆக்கினர். 1974ஆம் ஆண்டு மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டியாக 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் அது வெளிவந்தது. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். முதற் பதிப்பு ஆயிரம் பிரதிகளே. இன்று உலகின் பல நாடுகளிலும் இதனை ஆடுவோர் உளர்.

நடுவர் என்ற பதவி மட்டும் அதனினும் பழமையானது. 1824ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுப் படைத்தலைமையகத்துக்கு ரைஸ்விற்ஸ் என்ற அதிகாரி ஒரு போர்விளையாட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதிலே இரு கட்சியாரும் தத்தம் கட்டளைகளை நடுவரிடமே கொடுப்பர். எதிரியின் படை எங்கே நிற்கிறது என்பதை நடுவர் வாயிலாகவே அறிவர். 1876ஆம் ஆண்டில் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, விதிப்புத்தகத்தின் சுமையைக் குறைத்து, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே முதன்மை தரவேண்டும் என்று எழுதினார். விதி பெரிதா, நடுவரின் விவேகம் பெரிதா என்ற அந்தப் பழைய வழக்கு, நிலவறை விளையாட்டிலே பொறி என்னும் சிறு பொருளைச் சுற்றி மீண்டும் எழுந்தது. அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

நிலவறையின் ஆபத்துக்களுள் பொறி ஒரு தனி இனம். பூதமாயின் கண்ணுக்குத் தெரியும்; அதனோடு போர் புரியலாம், பேசிப் பார்க்கலாம், இயலாவிடத்து ஓடித் தப்பலாம். பொறியோ பேசாது, காத்திருக்கும். கல் பாவிய தரையின் கீழே படுகுழி. பெட்டகத்தின் பூட்டினுள்ளே நச்சூசி. சுவரிலே கண்ணுக்குத் தெரியாத துளை, அதனுள்ளே நாணேற்றிய அம்பு. தவறான இடத்தில் ஓரடி வைத்தவனுடைய வரலாறு அந்த அடியோடு முடிந்துவிடும். யானை பிடிப்போர் குழியின்மேல் மூங்கிலும் தழையும் பரப்புவது போல, மறைந்திருப்பதிலேதான் பொறியின் வலிமை முழுதும் உளது.

ஆனால், கதைநூலில் வரும் பொறிக்கும் விளையாட்டில் வரும் பொறிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கதையிலே ஆசிரியர் தம் பாத்திரத்தைக் குழியில் வீழ்த்தினால், வாசகர் திடுக்கிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவர். விளையாட்டிலே குழியில் விழுபவர் மேசையின் அப்பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பர். அவருக்குக் கண்ணும் காதும் நடுவரின் சொற்களே. நடுவர் சொல்லாத ஒன்று அவரைக் கொன்றதாயின், தாம் செய்த பிழை யாது என்று அவர் கேட்பார். அக்கேள்விக்கு விடையில்லாத மேசைகளிலே பின்வரும் காட்சியைக் காணலாம்.

நடுவர் கூறுகிறார்: "வடக்கு நோக்கி ஒரு நடைவழி செல்கிறது." முன்னே நிற்பவர் கூறுகிறார்: "நான் பத்தடிக் கழியால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன்." ஒன்றும் இல்லை. "சுவர்களைத் தட்டிப் பார்க்கிறேன்." ஒன்றும் இல்லை. "கூரையைப் பார்க்கிறேன்." ஒன்றும் இல்லை. "பத்தடி முன்னே சென்று மறுபடியும் தரையைத் தட்டுகிறேன்." இவ்வாறே கதவுக்கு வந்தால் கீல், பூட்டு, வாசற்படி, கைப்பிடி என்று ஒவ்வொன்றாகக் கேள்வி நடக்கும். ஒரு மணி நேரம் கழிந்தும் அவர்கள் கடந்த தூரம் மூன்று அறைகளாக இராது. ஒருவர் கொட்டாவி விடுகிறார். ஒருவர் தாளின் ஓரத்தில் பூனைப்படம் வரைகிறார். மந்திரவாதியாக வந்தவர் அன்றிரவு வாய் திறக்கவேயில்லை.

இத்தகைய ஆட்டக்காரரைக் கோழை என்று நடுவர் சினந்துகொள்வது வழக்கம். அச்சினத்தில் நியாயம் குறைவு. மிகுந்த முன்னெச்சரிக்கை தானாகத் தோன்றுவதன்று, அது கற்பிக்கப்படுவது. அறிகுறி எதுவுமின்றி ஒருமுறை கூரை இடிந்து தலையில் விழுந்தபின், எல்லாக் கூரைகளையும் சோதிப்பதே அறிவுடைமை. அவ்வாட்டக்காரர் அப்போது தேடுவது நிலவறையிலுள்ள பொறியை அன்று. நடுவரின் மனத்திலுள்ள பொறியை. நண்பருக்கும் நண்பருக்கும் இடையே நம்பிக்கை குறைந்துவிட்டது என்பதன் அடையாளம் அது.

முதன்முதல் விதிகளை எழுதியோர் இவ்விடரை அறியாதவரல்லர். அவர்கள் கண்ட மருந்து காலம். 1974ஆம் ஆண்டு விதிகளின்படி நிலவறையிலே நேரம் பத்து நிமிடம் கொண்ட சுற்றுக்களாக எண்ணப்பட்டது. ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் நடுவர் ஆறுமுகக் கவறை உருட்டுவார். ஆறு விழுந்தால், அலைந்து திரியும் பூதமொன்று அவ்வழியே வரும். பொறியும் தவறாது வேலை செய்யும் கருவியாக இருக்கவில்லை. அதனைக் கடந்து செல்பவருக்குக் கவறு உருட்டி ஒன்றோ இரண்டோ விழுந்தால் மாத்திரமே அது விசையுறும். அதனால் முன்னே சென்றவன் தப்பிப் பின்னே வந்தவன் வீழ்வதும் நிகழ்ந்தது.

1981ஆம் ஆண்டிலே தொம் மோல்ட்வே என்பவர் தொகுத்த தொடக்கநிலை விதிநூல் இக்கணக்கை இன்னும் தெளிவாக்கிற்று. அதன்படி சுமை குறைந்தவர் ஒரு சுற்றில் 120 அடி தூரம் ஆராய்ந்து நடக்கலாம். பத்தடிச் சதுரமான ஓரிடத்தைத் தேடுவதற்கு முழுதாக ஒரு சுற்று வேண்டும். ஒரு தீவட்டி ஆறு சுற்றுக்களில், அதாவது ஒரு மணி நேரத்தில், எரிந்து தீரும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பூதத்துக்காகக் கவறு உருட்டப்படும். ஒன்று விழுந்தால் அது வரும்.

இவ்வெண்களை ஒரு நடைவழியின்மேல் வைத்துப் பார்த்தல் தகும். அகலம் பத்தடி, நீளம் 120 அடி. நடந்து செல்வோருக்கு அது ஒரு சுற்று, பத்து நிமிடம். அடியடியாகத் தேடுவோருக்குப் பன்னிரண்டு சுற்று, இரண்டு மணி நேரம். இரண்டு தீவட்டிகள் கரிந்துபோகும். ஆறு முறை கவறு உருளும். அவற்றுள் ஒன்றிலேனும் பூதம் வருவதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. வரும் பூதம் பெரும்பாலும் பொன்னைச் சுமந்து திரிவதில்லை. பொன்னாலேதான் பாத்திரங்கள் பெரும்பகுதியும் உயர்வடைந்தன. ஆதலின் அச்சண்டையால் இழப்பே மிகுதி. இவ்வளவும் கொடுத்துத் தேடினாலும், சரியான இடத்தில் தேடும் சாதாரண மனிதர் பொறியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்றே. குள்ளருக்கு ஆறில் இரண்டு. மனிதர் நால்வர் சேர்ந்து தேடினாலும் பாதிக்குச் சற்றே கூடுதலான வாய்ப்புத்தான்.

எனவே எல்லாவிடத்தும் தேடுதல் மடமை. எங்கும் தேடாமை அதனினும் மடமை. எங்கே தேடுவது, எங்கே துணிந்து நடப்பது என்று முடிவு செய்வதே விளையாட்டாயிற்று. கைகாக்ஸ் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட நடுவர் கைந்நூலிலே காலக்கணக்கைக் கண்டிப்பாக எழுதிவைக்குமாறு பெரிய எழுத்துக்களில் வற்புறுத்தியதன் காரணம் இதனை நோக்கும்போது விளங்கும். சுற்றுக்களை எண்ணாத நடுவரிடம் எச்சரிக்கைக்கு விலையே இல்லை. விலையில்லாத பொருளை மக்கள் அளவின்றி வாங்குவர் என்பது சந்தைக்குப் போவோர் அறிந்ததே.

இதற்கிடையில், 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'கிரேஹோக்' என்ற துணைநூல், கள்வன் என்ற புதிய பாத்திர வகையை விதிகளிற் சேர்த்தது. பூட்டைத் திறத்தல், ஓசையின்றி நடத்தல், சிறு பொறிகளை அகற்றுதல் ஆகியன அவனுடைய தொழில். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் கொடுக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு விதிநூலில் முதல்நிலைக் கள்வனுக்குப் பொறி கண்டறியும் எண் நூற்றுக்கு இருபது. மோல்ட்வேயின் நூலிலோ நூற்றுக்குப் பத்தே. பத்தில் ஒன்பது முறை தவறும் நிபுணனை நிபுணன் என்று அழைப்பது சற்று வேடிக்கைதான்.

கள்வனுடைய வருகையால் நிகழ்ந்த பெரிய மாற்றம் எண்ணிலன்று, பேச்சிலே நிகழ்ந்தது. அதற்கு முன் ஆட்டக்காரர், "பெட்டகத்தின் மூடியைக் கயிற்றாற் கட்டித் தொலைவில் நின்று இழுக்கிறேன்" என்று சொல்லவேண்டியிருந்தது. அதற்குப் பின், "பொறி தேடுகிறேன்" என்று கூறிக் கவறை உருட்டினாற் போதுமாயிற்று. அறிவாலே அவிழ்த்த முடிச்சு எண்ணாலே அவிழலாயிற்று. மற்றவர்களும், அது கள்வனுடைய வேலை என்று கைகட்டி நிற்கத் தொடங்கினர். இம்மாற்றத்தை நல்லதென்பாரும் உளர்: நாவன்மையில்லாத கூச்சமுடையவர் கூடத் திறமைமிக்க கள்வனாக ஆடலாமன்றோ என்பது அவர்கள் வாதம். அது தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும், கவறு மட்டும் பேசும் மேசையிலே பொறி என்பது வழியில் விதிக்கப்படும் ஒரு சுங்கவரி போலாகிவிடுகிறது. கட்டுவோர் கட்டிவிட்டுப் போவர்; என்ன நடந்தது என்பது ஒருவர் நினைவிலும் நில்லாது.

பொறிகளைப் பற்றிய பேச்சு எழுமிடத்தெல்லாம் 'டூம் ஒஃப் ஹொரர்ஸ்' என்ற கல்லறையின் பெயரும் எழும். கைகாக்ஸ் இதனை 1975ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரிஜின்ஸ் என்னும் விளையாட்டு மாநாட்டிலே போட்டியாக நடத்தினார். 1978ஆம் ஆண்டு அது நூலாக வெளிவந்தது. போருக்குரிய பகைவர் அதிலே மிகச் சிலர். அசெரராக் என்னும் கொடிய மந்திரவாதியின் கல்லறை அது; புகுவோரை வஞ்சிப்பதே அதன் வேலை. வாசலே வஞ்சனைதான்: மூன்று நுழைவழிகளுள் இரண்டு பொய்யானவை. ஒன்றிற் கூரை இடிந்து விழும். மற்றொன்றிற் கல்லொன்று நகர்ந்து வழியை அடைத்துவிடும். மெய்யான வழியின் முடிவில் பச்சை நிறமான ஒரு பூதமுகம் சுவரிலே வாய் திறந்து நிற்கும். அவ்வாயினுள்ளே கும்மிருட்டு. வழி போலும் என்று எண்ணி உட்புகுந்தவர் அக்கணமே இல்லாதொழிவர். அவருக்கு ஆற்றுமருந்தும் இல்லை, மறுவாய்ப்பும் இல்லை.

இக்கல்லறையைக் கொலைக்களம் என்று வெறுப்பவர் பலர். அவ்வெறுப்புக்குக் காரணமும் உண்டு. எனினும், அதனை ஊன்றி நோக்கினால் ஒன்று புலனாகும். அந்த நடைவழியின் தரையிலே, எப்படிச் செல்லவேண்டும் என்பதைக் குறிப்பாகக் கூறும் ஒரு விடுகதை எழுதப்பட்டுளது. ஆட்டக்காரருக்குக் காட்டுவதற்கென்றே படங்கள் அடங்கிய தனிப் புத்தகம் ஒன்றும் நூலுடன் இணைக்கப்பட்டது. அப்படங்களை உற்றுப் பார்ப்போருக்குச் சில ஐயங்களேனும் தோன்றும். பூதமுகத்து வாயினுள்ளே ஒரு கழியை நீட்டிப் பார்த்திருந்தால், கழி போயிருக்கும், கை எஞ்சியிருக்கும். கழிக்கு ஆகும் செலவு சில காசுகள். கைகாக்ஸ் தம் முன்னுரையிலே, இது சிந்திப்போருக்குரியது, வாள்சுழற்றுவதையே விரும்பும் குழுவினருக்கு மகிழ்ச்சி தாராது என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறிவிட்டார். இன்ன இடத்துக்கு வருகிறோம் என்று அறிந்து வருவோருக்கு அது நியாயமான ஆட்டம். வாராந்தம் கூடிக் களிக்கும் நண்பர் குழுவொன்றின் நடுவிலே, முன்னறிவிப்பின்றி அதனைக் கொண்டுவந்து வைப்பது வேறு.

அக்கல்லறையை வென்றவருள் ஒருவர் ரொப் குன்ற்ஸ். அவர் ரோபிலார் என்ற வீரனாக ஆடியவர். தன் ஏவலாளராகிய ஓர்க் என்னும் அரக்க இனத்தாரை முன்னே நடக்கவிட்டு, அவர்கள் வீழ்ந்த இடங்களை விலக்கித் தான் நடந்தான் ரோபிலார் என்று கைகாக்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எச்சரிக்கைதான், ஆனால் பிறர் உயிரால் ஆன எச்சரிக்கை. அறநூல் அதனைப் புகழாது. பொறியியல் நோக்கிலே குறைசொல்ல இடமில்லை.

அந்நாளைய பொறி மோகத்தின் உச்சம் எனத்தக்கது, 1981ஆம் ஆண்டு 'பிளையிங் பவ்வலோ' என்ற நிறுவனம் வெளியிட்ட 'கிரிம்டூத்' பொறித்தொகுப்பு. ஓர் அரக்கன் வாய்மொழியாக, ஒன்றையொன்று விஞ்சும் கொடிய பொறிகளை அது விவரிக்கிறது. படித்துச் சிரிப்பதற்கு ஏற்ற நூல். மேசைக்கு எடுத்துச் செல்வதற்கு அவ்வளவு ஏற்றதன்று.

பிற்காலத்து விதிகள் வேறு மருந்துகளைத் தேடின. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, இருபதைக் கொள்ளுதல் என்ற முறையை வகுத்தது. அவசரமோ இடையூறோ இல்லாதபோது, இருபதுமுகக் கவறை உருட்டாமலே, இருபது முறை முயன்றதற்குச் சமமான காலத்தைச் செலவிட்டு, மிகச் சிறந்த பயனாகிய இருபதையே பெற்றதாகக் கொள்ளலாம். ஐந்தடிச் சதுரம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம். மேலே கூறிய நடைவழியிலே நாற்பத்தெட்டுச் சதுரங்கள்; ஆகத் தொண்ணூற்றாறு நிமிடம். ஆட்டக்காரர் "எங்கும் இருபது கொள்கிறோம்" என்று ஒரு வாக்கியம் சொன்னாற் போதும். அறைக்கு அறை நிகழும் சலிப்பு நீங்கும். ஆனால் அத்தொண்ணூற்றாறு நிமிடத்தில் நிலவறையிலே வேறெதுவும் நிகழாதாயின், அந்த ஒரு வாக்கியமே எல்லாப் பொறிகளையும் செல்லாக் காசாக்கிவிடும்.

2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பிலும், 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிலும் தேடாமலே காணும் திறனுக்கு ஓர் எண் வந்தது. பத்துடன் பாத்திரத்தின் கூர்நோக்கைக் கூட்டி வைத்துக்கொண்டு, மறைவின் கடினத்தை அது எட்டுமாயின், கேட்காமலே நடுவர் சொல்லிவிடுவார். ஐந்தாம் பதிப்பிலே விரைந்து நடப்போருக்கு அவ்வெண்ணில் ஐந்து குறையும். இஃது இயல்பான ஏற்பாடு. ஓடுபவன் காணாதவற்றை நடப்பவன் காண்பான். குறை யாதெனில், பொறியின் எண்ணை எழுதுபவரும் நடுவர், பாத்திரங்களின் எண்ணை முன்னரே அறிந்தவரும் நடுவர். காண்பதும் காணாததும் வீட்டிலே குறிப்பு எழுதும்போதே முடிவாகிவிடுகின்றன. மேசையில் எஞ்சுவது அறிவித்தல் மாத்திரமே.

ஆக, எந்தப் பதிப்பின் விதியும் தனித்து நின்று நோயைத் தீர்க்கவில்லை. நடுவர் செய்யவேண்டிய பணி ஒன்று எஞ்சியே நின்றது. நன்கு நடத்தும் நடுவர்கள் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்பதை ஒரு பொறியைக் கொண்டே காட்டலாம்.

நடைவழி ஒன்றின் நடுவே படுகுழி. மேலே கனமான கல்மூடி, அச்சிற் சுழல்வது. அனுபவமில்லாத நடுவர், "ஒரு நடைவழி" என்று சொல்லி நிறுத்துவார். யாரேனும் நடந்தால் விழுவார். அனுபவமுள்ளவர் அதே நடைவழியை இவ்வாறு சொல்வார்: "நடைவழி வடக்கே செல்கிறது. தரையெங்கும் தூசி கனமாகப் படிந்திருக்கிறது. உங்களுக்கு முன்னே யாரோ இவ்வழி சென்றிருக்கின்றனர். அடிச்சுவடுகள் நடுவே சென்று, பின்னர் இடப்புறச் சுவரையொட்டி ஒதுங்கி, மறுபடியும் நடுவுக்கு வருகின்றன." பொறி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. கேட்டவர் ஒருவர் தலையை நிமிர்த்துகிறார். "சுவடுகள் ஏன் ஒதுங்கின?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி பிறந்ததும் பூனைப்படம் வரைந்தவரின் பென்சில் நிற்கிறது.

"நடுவிலே தூசி எப்படி இருக்கிறது?"

"சுற்றிலும் உள்ளதைவிட மெல்லியது. ஒரு நேர்கோட்டிலே தூசி சற்று உள்ளிறங்கியிருக்கிறது."

"கழியால் அழுத்திப் பார்க்கிறேன்."

"கல் கழியோடு கீழே சாய்கிறது. குளிர்ந்த காற்று மேலெழுகிறது. கழியை விட்டதும் கல் பழையபடி மூடிக்கொள்கிறது."

இங்கே கவறு உருளவில்லை; உருளவேண்டிய தேவையும் இல்லை. பொறி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, சுவை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. சுவரையொட்டிச் சென்றவர் யார்? கவசம் அணிந்த வீரருக்கு அவ்விளிம்பு போதுமா? பின்னே துரத்தி வரும் ஏதேனும் இருந்தால் இக்குழியை அதற்கே பயன்படுத்தலாமா? மறைந்த குழி ஒருவரை ஒருமுறை வீழ்த்தும்; தெரிந்த குழி நால்வரைக் கால்மணி நேரம் பேசவைக்கும். கண்டறிதலைக் கடினமாக்குவதிலும் கடத்தலைக் கடினமாக்குவதிலே முயற்சியைச் செலவிடும் நடுவர் பயன் காண்பார்.

அறிகுறி எத்தகையதாயினும் ஆகுக: அம்புத்துளையின் எதிர்ச்சுவரிலே சிறு பொளிவுகள், பெட்டகத்தின் அருகே உலர்ந்துகிடக்கும் எலி, மற்றெல்லாம் துருவேறியிருக்க எண்ணெய் பூசி மின்னும் ஒரு கீல். அறைக்கு ஒன்று போதும். ஆட்டக்காரர் அதனைக் கவனியாது சென்று வீழ்ந்தாராயின், வீழ்ந்தபின் அறிகுறி நினைவுக்கு வரும். "அந்த எலி!" என்று அவர் தம் தலையில் அடித்துக்கொள்வார். நடுவரைக் குறைகூற அவருக்குத் தோன்றாது. அறிகுறியில்லாத பொறியும் அறிகுறியுள்ள பொறியும் ஒரே அளவு காயம் செய்யலாம்; முன்னதன் காயம் நட்பிலும் பட்டுவிடுகிறது.

சில நடுவர்கள் மேலும் ஒருபடி செல்வர். கால் வைத்த கல் அமிழ்ந்ததும், உடனே பயனைச் சொல்லாமல், "காலின் கீழே ஏதோ சொடுக்கிடும் ஓசை கேட்கிறது. என்ன செய்கிறீர்?" என்று கேட்பர். ஆட்டக்காரருக்கு ஒரு மூச்சளவு நேரமே. ஒருவர் குனிவார், ஒருவர் பின்னே பாய்வார், ஒருவர் காலை எடுக்காமலே நிற்பார். கூரையிலிருந்து கல் விழுமாயின் பாய்ந்தவர் தப்புவர். சுவரிலிருந்து அம்பு வருமாயின் குனிந்தவர் தப்புவர். முன்னரே சுவரின் பொளிவுகளைக் கண்டிருந்தவருக்கு எதைச் செய்யவேண்டும் என்பது தெரிந்திருக்கும். கண்ணுக்கும் கைக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு உண்டாகிறது. ஒவ்வொரு பொறிக்கும் இவ்வாறு செய்தால் அதுவும் சலிப்புத்தரும் என்பதை நடுவர் மறத்தலாகாது.

மந்தமான தேடலுக்கு நேரான மருந்து, வழக்கத்தை ஒருமுறை பேசி முடித்துக்கொள்வது. "நீர் முன்னே கழியால் தட்டிக்கொண்டே மெதுவாக நடக்கிறீர் என்று எழுதிவைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லத் தேவையில்லை. கழிக்கு எட்டுவதைக் கழி காணும். அதற்கான நேரமும் கணக்கில் ஏறும்" என்று நடுவர் கூறிவிட்டால், அரைமணி நேரப் பேச்சு ஒரு வரியில் அடங்கும். சொல்ல மறந்ததற்காக ஒருவர் இறப்பதும் நின்றுவிடும். பலகாலம் நிலவறைகளில் உழன்ற வீரன் தரையைப் பாராமல் நடப்பான் என்று கொள்வது எவ்வாறு பொருந்தும்? மறந்தவர் நாற்காலியில் இருப்பவர். நடைவழியில் நிற்பவன் மறந்திருக்கமாட்டான். அந்த வேறுபாட்டை நடுவர் தம் வசதிக்கு மறப்பாராயின், ஆட்டக்காரர் மறுபடியும் கீல், பூட்டு, வாசற்படி என்று தொடங்குவர்.

அவ்வாறே, பொறியில்லாத இடத்தில் "இங்கே ஒன்றும் இல்லை; நன்றாகப் பார்த்துவிட்டீர்கள்" என்று தெளிவாகச் சொல்லுதலும் வேண்டும். பல நடுவர்கள் இவ்விடத்திலே புன்னகை புரிந்து, "உங்கள் கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை" என்று இழுப்பர். அச்சமூட்டும் சுவை அதில் உண்டென்பது மெய்யே. அச்சுவைக்கு விலை, அடுத்த கால்மணி நேரம் அதே சுவரைத் தட்டும் ஓசை. கல்லறையின் உள்ளறையிலே ஒருமுறை அவ்விலையைக் கொடுக்கலாம். குதிரைலாயத்திலே கொடுப்பது வீண்.

காலத்தின் விலையும் கண்ணுக்குத் தெரிதல் நன்று. மேசையின் நடுவே ஒரு தாளில் ஆறு கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் கறுப்பாக்கும் நடுவர் உளர். ஆறாவது கட்டம் கறுத்ததும் தீவட்டி அணையும். "இந்த அறையை முழுதும் தேட ஒரு சுற்றுச் செல்லும்; உங்கள் தீவட்டிக்கு இன்னும் இரண்டு கட்டம் உண்டு. தேடுகிறீர்களா?" என்று அவர் கேட்கும்போது, ஆட்டக்காரர் தமக்குள் வழக்காடத் தொடங்குவர். ஒருவர் தேடுவோம் என்பார். ஒருவர் எண்ணெய் போதாது என்பார். அவ்வழக்கைக் கேட்டுக்கொண்டு நடுவர் வாளா இருத்தலே முறை.

இனி, கொல்லும் பொறியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய விதிகளில் நச்சூசி பட்டவர் தப்பும் உருட்டலிலே தவறினால் இறப்பே. இந்நாளைய மேசைகள் பெரும்பாலும் அவ்வளவு கடுமையை விரும்புவதில்லை. எந்த அளவு தகும் என்பதை முதல்நாளிலேயே பேசித் தீர்மானிக்கும் குழுக்களில் பூசல் குறைவு. மரணத்தை ஒதுக்கிவிட்டாற் பொறிக்கு வலிமையில்லை என்று எண்ணுவதும் பொருந்தாது. வந்த வழியை அடைக்கும் கதவு, மணியடித்துக் காவலரை எழுப்பும் கம்பி, குழுவை இரு கூறாகப் பிரித்துவிடும் இரும்புவேலி, தீவட்டிகள் அனைத்தையும் நனைக்கும் நீர் ஆகியன ஒருவரையும் கொல்லாமலே எல்லாரையும் வியர்க்கச் செய்யும். பிரிந்து நின்ற இரு கூட்டத்தாரும் இரும்புவேலியின் ஊடே பேசிக்கொள்ளும் காட்சி, ஒருவர் குழியில் விழுந்து இறந்த காட்சியினும் நெடுநாள் நினைவில் நிற்கும்.

ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு குறிப்பு எழுதும் நடுவர், ஒவ்வொரு பொறிக்கும் கீழே அதனை அமைத்தவர் தாம் எவ்வாறு அதனைக் கடந்து சென்றார் என்பதையும் ஒரு வரியில் எழுதிவைத்தால் வேலை பாதி முடிந்துவிடும். மாளிகையில் வாழ்ந்த மந்திரவாதியும் காலையில் எழுந்து அந்த நடைவழியாலேதான் போயிருக்கவேண்டும். அவருக்குச் சோறு கொண்டுசென்ற பணியாளனும் அவ்வழியாலேதான் போயிருக்கவேண்டும். அவன் கையால் தொட்டுத் தொட்டு மெருகேறிய சுவர்க்கல் ஒன்று எங்கேனும் இருக்கும்.